புக்கிட் தீமா இரும்புப் பாலத்தை வீட்டு மேசையில் கட்டுவது

சிங்கப்பூரின் இந்தப் பாதையில் மலேசியாவின் கேடிஎம் ரயில் 2011-இல் நின்றுபோனாலும் புக்கிட் தீமா பாலம் அப்படியே நிற்கிறது. சிறிய மாதிரியாகக் கட்ட, அளக்கவும் படமெடுக்கவும் இதைவிட வசதியான பாலம் கிடையாது. உயரம் தெரிந்த நண்பரைத் தூண் அருகே நிற்க வைத்து, முடிந்தவரை நேர் எதிரே நின்று படம் எடுங்கள். 1:87 அளவில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்காக, 170 செ.மீ. ஆள் ஏறக்குறைய 19.5 மி.மீ. வருவார்; மற்ற அளவெல்லாம் அதிலிருந்து கிடைத்துவிடும்.

தண்டவாளம் 12 மி.மீ. இடைவெளி உள்ளதாக வாங்குங்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 16.5 மி.மீ. நம் மீட்டர் பாதைக்கு (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) அகலம் அதிகம், பார்த்தவுடன் உறுத்தும்.

பாலத்துக்கு அட்டை வேண்டாம், நம்மூர் ஈரக்காற்றில் வளைந்துவிடும். ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தாளும் பட்டைகளும்தான் சரி. எடுத்த அளவுகளில் பாலத்தின் பக்கத்தை வரைந்து, அந்த வரைபடத்தைக் கண்ணாடிமேல் ஒட்டி, அதன்மேலேயே பட்டைகளை அடுக்குங்கள். இரண்டு பக்கச் சட்டத்துக்கும் அதே வரைபடம்தான்; இல்லாவிட்டால் பாலம் கோணும். ஸ்டைரீனுக்கான திரவப் பசையைத் தூரிகை நுனியால் மூட்டில் தொட்டால் போதும், தானே உள்ளே ஓடும். வீவக அடுக்குமாடி வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், நெடி அதிகம்.

அப்புறம் ரிவெட், அதாவது இரும்புத் தகடுகளை இணைக்கும் ஆணிகளின் குமிழ்த் தலைகள். இதுதான் எனக்குப் பிடித்த வேலை. 0.25 மி.மீ. தாளின் பின்பக்கம், அளவுகோலை ஒட்டி, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் மெல்ல அழுத்துங்கள். முன்பக்கம் குட்டிக் குட்டிப் புடைப்புகள் வரிசையாக எழும். பிறகுதான் தாளைப் பட்டைகளாக வெட்ட வேண்டும். வெட்டியபின் அழுத்தினால் ஓரம் நெளியும்.

வண்ணத்துக்குச் சுத்தக் கறுப்பு பொம்மைபோல இருக்கும். கொஞ்சம் சாம்பல் கலந்து, மூட்டுகளில் மட்டும் துருப்பழுப்பு தடவுங்கள்.