குதிரையின் பழைய உரிமையாளரைத் தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

குதிரையை வாங்கி மூன்று மாதம் கழித்துத்தான் பலருக்கும் இந்த யோசனை வருகிறது. அதுவரை சாதுவாக இருந்த குதிரை ஒரு நாள் டிரெய்லரில் ஏற மாட்டேன் என்று நான்கு காலையும் ஊன்றி நிற்கும். அல்லது லாடம் அடிக்கும்போது ஒரு காலைத் தொட்டால் மட்டும் உதைக்கும். விற்றவரைக் கேட்டால் "எங்களிடம் அப்படியெல்லாம் இல்லையே" என்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அவரிடமே அது இரண்டு மாதம்தான் இருந்திருக்கும். சரி, அதற்கு முன்னால் யாரிடம் இருந்தது என்று தேடக் கிளம்புவோம். குதிரை இருபத்தைந்து, முப்பது வருடம் வாழக்கூடிய பிராணி. அதற்குள் பல கை மாறியிருக்கும். அந்தக் கைகளைத் தேடிப் போனபோது நான் செய்த தவறுகளையும், பிறர் செய்யக் கண்ட தவறுகளையும் இங்கே எழுதுகிறேன்.

பெயரை நம்பிக் கிளம்புவதுதான் முதல் தவறு. லாயத்தில் கூப்பிடும் பெயர் ஒன்று, பதிவேட்டில் இருக்கும் பெயர் வேறு. கூப்பிடும் பெயரை ஒவ்வொரு உரிமையாளரும் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வார். பதிவுப் பெயர் ஓரளவு நிலையானது. பந்தயத்துக்கென வளர்க்கும் தரோபிரெட் இனத்தின் பதிவேட்டை நடத்தும் அமெரிக்க ஜாக்கி கிளப்பின் விதிப்படி, ஒரு தரோபிரெட் குதிரை முதல் பந்தயம் ஓடிய பிறகு பொதுவாகப் பெயரை மாற்ற விடமாட்டார்கள். ஆனால் பந்தயத்தை விட்டு வந்த குதிரையை வாங்கியவருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பெயரை ஓரமாக வைத்துவிட்டு எண்ணைப் பிடியுங்கள்.

எண்ணிலும் குழப்பம் உண்டு. குதிரையின் கழுத்துக்குள் பொருத்தும் மைக்ரோசிப்பின் எண்ணில் 15 இலக்கம். குதிரைக்குத் தரும் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டில் உள்ள வாழ்நாள் அடையாள எண்ணிலும் 15 எழுத்து அல்லது இலக்கம். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, ஒன்றைக் கேட்கும் இடத்தில் மற்றொன்றைக் கொடுத்துவிட்டு "அப்படி ஒரு குதிரையே பதிவில் இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு. வாழ்நாள் எண்ணில் முதல் மூன்று இலக்கம் நாடு, அடுத்த மூன்று பதிவேடு, மீதி ஒன்பது அந்தப் பதிவேட்டில் குதிரையின் எண். எங்கே கேட்க வேண்டும் என்பதை அந்த நடு மூன்றே சொல்லிவிடும். மைக்ரோசிப்பில் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கலாம், 900-லிருந்து தொடங்கினால் தயாரித்த நிறுவனத்தையும் குறிக்கலாம். அதை வைத்துக் குதிரை பிறந்த நாட்டை முடிவு செய்யாதீர்கள்.

ஸ்கேனர் சத்தமே போடவில்லை என்றாலும் சிப் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இப்போதைய சிப்கள் 134.2 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்கின்றன, பழைய சில சிப்களோ 125 கிலோஹெர்ட்ஸ். எல்லா ஸ்கேனரும் இரண்டையும் படிக்காது. வழக்கமாகச் சிப் இருக்கும் இடம் கழுத்தின் இடப்பக்கம், பிடரி மயிருக்குக் கீழே, தலை உச்சிக்கும் தோள்மேட்டுக்கும் பாதி வழியில். வேறு ஸ்கேனரால், கழுத்தின் இரண்டு பக்கமும், இன்னொரு முறை பாருங்கள். அமெரிக்கப் பந்தயக் குதிரையாக இருந்தால் மேலுதட்டைத் திருப்பி உள்ளே பச்சை குத்தியிருக்கிறதா என்றும் பார்க்கலாம். அதில் வரும் ஆங்கில எழுத்து பிறந்த வருடம்: 1971-க்கு 'ஏ', ஒரு சுற்று முடிந்து 1997-க்கு மறுபடியும் 'ஏ'. காலப்போக்கில் மை மங்கி எழுத்துகள் ஒன்றுபோலத் தெரியும் என்பதால் ஒரே பார்வையில் முடிவெடுக்க வேண்டாம். 2017 முதல் பிறந்த அமெரிக்க தரோபிரெட் குட்டிகளுக்குச் சிப் கட்டாயம். பிடரிக்கு அடியில் வெள்ளை முடியால் ஆன குறி தெரிந்தால், கடுங்குளிரூட்டிய இரும்பால் போட்ட குறி அது. மஸ்டாங் எனும் அமெரிக்கக் காட்டுக் குதிரை என்றால் கழுத்தின் இடப்பக்கம், வண்டிப் பந்தயம் ஓடும் அமெரிக்க ஸ்டாண்டர்ட்பிரெட் இனம் என்றால் வலப்பக்கம். முடியை நனைத்தோ மழித்தோ பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

அடையாளத்தை அளவுக்கு மேல் நம்பும் தவறும் இருக்கிறது. கிடைத்த பழைய உரிமையாளர் சொல்லும் அடையாளம் கொஞ்சம் மாறினால் "இது வேறு குதிரை" என்று தள்ளிவிடுவது. "என்னுடையது கிட்டத்தட்டக் கறுப்பாக இருந்தது" என்று அவர் சொல்ல, உங்கள் முன்னால் நிற்பதோ பால் வெள்ளை. இரண்டும் ஒரே குதிரையாக இருக்கலாம். நரைக்கும் மரபணு உள்ள குதிரை அடர் நிறத்தில் பிறந்து வருடா வருடம் வெளுக்கும். நெற்றியில் இருந்த நட்சத்திரம் சுற்றியுள்ள வெள்ளையோடு கரைந்துபோகும். நெற்றியிலும் கழுத்திலும் உள்ள முடிச் சுழிகள் மட்டும் இடம் மாறாது. வயதும் இப்படித்தான். பத்து வயதுக்கு மேல் பல்லைப் பார்த்துச் சொல்லும் வயது தோராயம்தான். போதாக்குறைக்கு, தரோபிரெட்களுக்கு வட கோளத்தில் ஜனவரி 1, ஆஸ்திரேலியா போன்ற தென் கோள நாடுகளில் ஆகஸ்ட் 1 என்று அதிகாரப்பூர்வப் பிறந்தநாளே வேறு. கடல் தாண்டி வந்த குதிரையின் வயது கணக்கில் இடித்தால் ஏமாற்று வேலை என்று பாய வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் எழுதியிருக்கும் பெயரைக் கடைசி உரிமையாளர் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. பல நாடுகளில் பாஸ்போர்ட் என்பது அடையாள ஆவணம்தான், சொந்தம் என்பதற்குச் சான்று ஆகாது. நடுவில் வந்தவர்கள் பெயர் மாற்றாமலே விற்றிருப்பார்கள். ஆனால் அந்தச் சோம்பேறித்தனம் தேடுகிறவருக்கு லாபம், ஏனென்றால் மூன்று கைக்கு முந்தைய பெயர் அப்படியே இருக்கும்.

அந்தப் பாஸ்போர்ட்டில் பெயர்ப் பக்கத்தைவிடத் தடுப்பூசிப் பக்கம்தான் பொக்கிஷம். பலர் அதைப் புரட்டுவதே இல்லை. ஒவ்வொரு ஊசிக்கும் தேதி, மருத்துவர் கையெழுத்து, முத்திரை. அவற்றை வரிசைப்படுத்தினால் குதிரை எந்த வருடம் எந்தப் பகுதியில் இருந்தது என்று ஒரு வரைபடமே கிடைத்துவிடும். முத்திரையில் உள்ள மருத்துவமனைக்குப் போன் செய்து "இந்தக் குதிரையின் கோப்பை அனுப்புங்கள்" என்று கேட்டால் மட்டும் காரியம் ஆகாது. அந்தப் பதிவுகள் அப்போதைய வாடிக்கையாளருக்கு உரிய ரகசியம், அவர் சம்மதம் வேண்டும். பதிவு அலுவலகங்களும் முகவரி தரமாட்டார்கள், தனியுரிமைச் சட்டம் அப்படி. அவர்களோடு மல்லுக்கு நிற்பது வீண். "நான் ஒரு கடிதம் எழுதித் தருகிறேன், அவருக்கு அனுப்பிவைக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குச் சம்மதிக்கும் இடங்கள் உண்டு.

பொறுமை இழந்தவர்கள் அடுத்துச் செய்வது, பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கத்தையும் படம் பிடித்து, சிப் எண்ணோடு பொதுவெளியில் போடுவது. அந்த எண்ணைப் பார்த்த யாரும் "அது என் குதிரைதான்" என்று வரலாம். ஒரு அடையாளத்தையாவது உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தழும்பு, காதின் ஒரு வெட்டு, வயிற்றடியில் ஒரு வெள்ளைத் திட்டு, எதுவானாலும் சரி. வருகிறவரிடம் அதை விவரிக்கச் சொல்லுங்கள், அல்லது பழைய படம் ஒன்று கேளுங்கள். உண்மையில் வளர்த்தவரிடம் ஒரு படமாவது இருக்கும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. பெரும்பாலான தேடல்கள் கெட்டுப்போவது இங்கேதான், முதல் செய்தியிலேயே.

உங்கள் செய்தி வரும்போது அந்தப் பக்கம் இருப்பவர் மனதில் என்ன ஓடும் என்று யோசியுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்பாரோ? வழக்குப் போடுவாரோ? குதிரையைத் திருப்பி எடுத்துக்கொள் என்பாரோ? இன்னொரு விஷயமும் உண்டு. குதிரையை மனசார விற்றவர்கள் குறைவு. நோய், மணமுறிவு, வேலை போனது, மகள் வளர்ந்து விட்டுப் போனது என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். சிலருக்கு அது இன்னும் ஆறாத புண். அங்கே போய் முதல் வரியிலேயே "ஏன் விற்றீர்கள்? இதற்கு ஏதாவது கோளாறு இருந்ததா?" என்று கேட்டால் கதவு சாத்திக்கொள்ளும். அதற்குப் பிறகு எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை.

நான் முதல் முறை அப்படித்தான் எழுதினேன், பதிலே வரவில்லை. அடுத்தவருக்கு இப்படி எழுதினேன்:

"வணக்கம். உங்களிடம் முன்பு இருந்த குதிரை இப்போது என்னிடம் இருக்கிறது. நன்றாக இருக்கிறான், போன வாரம் எடுத்த படம் இணைத்திருக்கிறேன். உங்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை, எதையும் திருப்பிக் கேட்கவும் எழுதவில்லை. லாடம் அடிக்கும்போது கொஞ்சம் பயப்படுகிறான், உங்களிடம் இருந்தபோது எப்படிக் காலைத் தூக்குவீர்கள் என்று தெரிந்தால் அவனுக்கு உதவியாக இருக்கும். பதில் எழுத விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை."

மறுநாளே பதில் வந்தது. படம் வைத்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். குதிரை உயிரோடு, தேறிய உடம்போடு நிற்பதைப் பார்த்த பிறகு ஆள் இளகிவிடுகிறார். ஒரு எச்சரிக்கை: விற்றவர் மேல் வழக்குப் போடும் எண்ணம் உங்களுக்கு உண்மையிலேயே இருந்தால் "எதையும் கேட்கவில்லை" என்று எழுதாதீர்கள். அது பொய். அந்த நிலையில் முதலில் வக்கீலிடம் பேசுங்கள். மயக்க மருந்து கொடுத்து விற்றார்கள் என்ற சந்தேகம் என்றால் அதற்கும் பழைய உரிமையாளர் சாட்சி ஆகமாட்டார். பிரிட்டனில் வாங்கும் முன் செய்யும் ஐந்து கட்டப் பரிசோதனையில் ரத்தம் எடுத்து ஆறு மாதம் பாதுகாப்பார்கள், பேச வேண்டியது அந்த ரத்தம்.

கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். "குணம் எப்படி?" என்றால் "தங்கமான குதிரை" என்றுதான் பதில் வரும், அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. "உங்களிடமும் உதைத்ததா?" என்பதில் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. நடந்ததை அப்படியே சொல்ல வைக்கும் கேள்விகளைக் கேளுங்கள். டிரெய்லரில் தனியாக ஏற்றுவீர்களா, துணைக் குதிரையோடா? எந்தக் கடிவாளம் போட்டீர்கள்? முடி வெட்ட மயக்க மருந்து தேவைப்பட்டதா? ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா? வயிற்று வலிக்கு அறுவை சிகிச்சை நடந்ததா? வசந்த காலப் புல்லில் விட்டால் குளம்பு சூடாகி நொண்டியதா? கடைசி இரண்டும் மருத்துவ ரீதியாக மிக முக்கியம். ஒருமுறை லேமினைட்டிஸ் என்ற குளம்பு அழற்சி வந்த குதிரைக்கு அது திரும்பி வர வாய்ப்பு அதிகம், தீவனத்தையே மாற்ற வேண்டியிருக்கும். பெண் குதிரை என்றால் குட்டி ஈன்றதா, பிரசவத்தில் சிக்கல் இருந்ததா என்றும் கேளுங்கள். முதல் கடிதத்திலேயே இத்தனையையும் கொட்டாதீர்கள். ஒன்று, இரண்டு போதும்.

வந்த பதிலை வேதவாக்காக எடுத்துக்கொள்வதும் ஆபத்து. பத்து வருடத்துக்கு முந்தைய நினைவு அது. பந்தயம் ஓடிய குதிரையானால் அதன் முடிவுகள் பல நாடுகளில் பொதுப் பதிவில் கிடைக்கும். சர்வதேசக் குதிரையேற்றப் போட்டிகளில் கலந்துகொண்ட குதிரையின் முடிவுகளையும் சர்வதேசக் கூட்டமைப்பின் தரவுத்தளத்தில், ஓட்டியவர் பெயரோடு பார்க்கலாம். தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு வருடம் எந்தப் பதிவும் இல்லையென்றால் உடனே காயம் என்று முடிவுகட்ட வேண்டாம். குட்டி போட்டிருக்கலாம், ஓட்டியவருக்கே கால் முறிந்திருக்கலாம். அதேபோல, முந்தையவர் "முரட்டுக் குதிரை" என்றதும் பயந்துவிடாதீர்கள். பொருந்தாத சேணமும் வயிற்றுப் புண்ணும் சாதுவான குதிரையையும் முரடாக்கும்.

வியாபாரியோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. அவரிடம் குதிரை சில நாள்தான் இருந்திருக்கும், குணம் பற்றிக் கேட்டுப் பயனில்லை. "எப்போது, யாரிடமிருந்து வாங்கினீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் வாய் திறக்கவில்லையென்றால் லாடம் அடிப்பவர்களிடம் போங்கள். முகம் மறந்தாலும் குளம்பு மறக்காதவர்கள் அவர்கள். தேடும் வழியில் குதிரை திருட்டுப் பொருள் என்று தெரியவந்தால், யாரோடும் நேரில் பேரம் பேசாமல் காவல்துறைக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக ஒன்று. வேண்டிய தகவல் கிடைத்ததும் பலர் காணாமல் போய்விடுகிறார்கள். எனக்குப் பதில் எழுதிய அந்த அம்மா, குதிரை சின்ன வயதில் கம்பி வேலியில் பின் வலது காலை மாட்டிக்கொண்டதாக எழுதியிருந்தார். எனக்கு இடித்தது, ஏனென்றால் அவன் தர மறுப்பது இடது காலை. அதைச் சொல்லி வாதாடாமல், நன்றி சொல்லி, மழையில் அவன் புரண்டு எழுந்த படம் ஒன்றை அனுப்பிவைத்தேன். இரண்டு வாரம் கழித்து அவரே பழைய பெட்டியிலிருந்து தேடி எடுத்த படத்தை அனுப்பினார். இளங்குதிரை, முழங்கால்வரை கட்டு. கட்டு இருந்தது இடது காலில்.