ஜூலை 4 மேஜைக்கு விரிப்பு தைக்கிறீர்களா?

மே கடைசியில் மெமோரியல் டே என்கிற போர்வீரர் நினைவு நாள் வந்தாலே, ஜூலை 4 அமெரிக்கச் சுதந்திர தினத்துக்காக நியூஜெர்சியில் எங்கள் பக்கத்துத் துணிக்கடைகளில் கொடியின் நிறங்களான சிவப்பு, வெள்ளை, நீலம் மலைபோல் குவிந்துவிடும். சனிக்கிழமைகளில் என்னிடம் தையல் பழக வருபவர்களும் அதே மூன்று நிறத்தில் ஆளுக்கொரு மூட்டையோடு வந்து இறங்குவார்கள். “ஜூலை 4 பார்பிக்யூ இந்த வருஷம் எங்க வீட்லதான். மேஜைக்கு நானே தைக்கப்போறேன்” என்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் கை போகிற போக்கைப் பார்த்தால், பழைய நான் எதிரே உட்கார்ந்து தைப்பதுபோல இருக்கும்.

மேஜையை அளக்காமல் வெட்டுவது, மழுங்கிய ஊசியை மாற்றாமல் ஓட்டுவது போன்ற சின்னத் தப்புகளை விட்டுவிடுகிறேன். ஒரு தடவை பட்டால் தானாகத் திருந்திவிடும்.

சிவப்பை அலசாமல் தைப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

சில வருடங்களுக்கு முன், ஆறடி மேஜைக்கு ஒரு நீள விரிப்பும் பன்னிரண்டு நாப்கினும் தைத்தேன். வெள்ளையில் சிவப்புப் பட்டைகள், இரண்டு முனையிலும் நீலம். மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்த வேலை. சாயத்தைப் பற்றி யோசிக்காமல் இல்லை. புதுச் சுங்குடிச் சேலை வாங்கினால் அம்மா கல் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் கட்டுவார். நானும் சிவப்புத் துணியை அப்படியே அரை மணி நேரம் ஊறவைத்தேன். தண்ணீர் லேசாகத்தான் சிவந்தது. சரி, சாயம் பிடித்துக்கொண்டது என்று நம்பி வெட்டிவிட்டேன்.

விருந்தன்று எலுமிச்சை ஜூஸ் ஜாடியை விரிப்பின் நடுவில் வைத்தோம். ஜில்லென்ற ஜாடி வியர்த்து வழிந்ததில் சாயங்காலத்துக்குள் அதைச் சுற்றி ஒரு ரோஸ் வட்டம். பதறிப்போய் அன்றிரவே எல்லாவற்றையும் மெஷினில் பச்சைத் தண்ணீரில் போட்டு, முடிந்ததும் டிரையரில் காயவைத்தேன். வெள்ளை என்று ஒரு இடம் மிச்சமில்லை. மறுநாள் அதை மடித்துக்கொண்டிருந்தபோது, “காதலர் தினத்துக்குத் தைத்ததா?” என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பெண்மணி. ஜூலை மாதத்தில்!

உப்பு என்ன செய்யும்? சாயத்தொட்டியில் இருக்கும்போது சாயத்தை நூலை நோக்கித் தள்ளும். திருப்பூர்ச் சாயக்கழிவில் அத்தனை உப்பு இருந்ததற்குக் காரணம் அதுதான். ஆனால் சாயம் போட்டு முடித்துக் கடைக்கு வந்த துணியில், நூலோடு சேராமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சச் சாயத்தை உப்பாலோ வினிகராலோ பிடித்துவைக்க முடியாது. அது வெளியேறித்தான் ஆக வேண்டும். அதற்குச் சுடுதண்ணீர் வேண்டும். பச்சைத் தண்ணீரில் பாதி வெளியே வந்து, பக்கத்திலிருக்கும் வெள்ளைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆகவே வெட்டுவதற்கு முன் சிவப்பின் ஒரு மூலையை நனைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து அயர்ன் பாக்ஸால் அழுத்துங்கள். கறை இறங்கினால் தனியாகச் சுடுதண்ணீரில், சோப்புத்தூள் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். மறுபடி அழுத்திப் பாருங்கள். நாலு அலசலுக்கும் அடங்காத சிவப்பை வெள்ளையோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள். வெள்ளையையும் நீலத்தையும்கூட அலசிவிடுவது நல்லது. பருத்தி நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். ஒன்று சுருங்கி இன்னொன்று சுருங்காவிட்டால் தையல் முழுக்கச் சுருக்கம் விழும்.

ஏற்கெனவே சாயம் ஏறிவிட்டதா? காயவிடாதீர்கள். டிரையர் பக்கமே போகாதீர்கள். குளியல் தொட்டி நிறையக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவும் சோப்பு ஊற்றி, துணி முழுக்க மூழ்கும்படி ராத்திரி முழுதும் ஊறவிடுங்கள். தண்ணீர் சிவந்தால் மாற்றி மறுபடி. இது அன்றைக்கே எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

1960களில் இதே அமெரிக்காவில் “சாயம் போகும், உத்தரவாதம்” என்று விளம்பரம் செய்தே மெட்ராஸ் கட்டம்போட்ட சட்டைகளை விற்றார்கள். அந்த அதிர்ஷ்டமெல்லாம் சட்டைக்குத்தான்.

கொடியையே விரிப்பாக்குவது

1942இல் சட்டமான அமெரிக்கக் கொடி விதிமுறை, கொடியைப் படுக்கை விரிப்பாகவோ திரையாகவோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. மெத்தைத் திண்டிலும் கைக்குட்டையிலும் எம்பிராய்டரி செய்யக் கூடாது, காகித நாப்கினில் அச்சடிக்கக் கூடாது. மீறினால் யாரும் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. கடைகளில் அந்த நாப்கின்தான் கட்டுக்கட்டாக விற்கிறது. ஆனாலும் விருந்துக்கு வருபவர்களில் ஒரு முன்னாள் ராணுவ வீரராவது இருப்பார். அவர் முன்னால் கொடிமேல் கெட்சப் சிந்துவது நன்றாகவா இருக்கும்? நட்சத்திரம் ஒரு துணியில், கோடு இன்னொரு துணியில் இருக்கட்டும். 50 நட்சத்திரமும் 13 கோடும் எண்ணித் தைத்தால் அது கொடிதான். மேஜையின் முன்பக்கம் மூவண்ணத் தோரணம் கட்டினால் மேலே நீலம், நடுவில் வெள்ளை, கீழே சிவப்பு.

பாலியெஸ்டர் நாப்கின்

கை துடைக்காது.

தொங்கல்

மேஜை விளிம்பிலிருந்து ஆறு அங்குலம், மிஞ்சினால் எட்டு.

காற்று

விரிப்பு பறக்காமல் இருக்க, மூலை மடிப்புக்குள் ஒரு உலோக வாஷரை வைத்துத் தையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், இரும்பு துருப்பிடிக்கும்.

கடுகு சாஸ்

ஹாட் டாக் இருக்கும் இடத்தில் இதுவும் இருக்கும். அந்தப் பளீர் நிறம் நம் மஞ்சள்தூள்தான். உப்பு விஷயத்தில் ஏமாந்தாலும் இங்கே அம்மா வழி சரிதான்: துவைத்து, ஈரத்தோடு நல்ல வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். வெள்ளை நாப்கினுக்கு மட்டும். சோப்புப் பட்டதும் கறை சிவந்தால் அலற வேண்டாம், மஞ்சளின் குணமே அது. இந்தத் தடவை உங்கள் சிவப்புத் துணிமேல் பழி இல்லை.