ரிசர்வ் வீரர் சங்கம் காங்கிரஸ் கதவைத் தட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ரிசர்வ்' என்றதும் நம்மூரில் ஏ.ஆர். போலீஸ்தான் ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவில் அது வேறு. மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு பயிற்சி, வருஷத்தில் இரண்டு வாரம் முகாம். மற்ற நாளெல்லாம் அவர் பள்ளிக்கூட வாத்தியாராகவோ லாரி டிரைவராகவோ இருப்பார். அழைப்பு உத்தரவு வந்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். இவர்களுக்காக வாஷிங்டனில் பேசும் சங்கங்களில் முக்கியமானது, முதல் உலகப் போர்த் தளபதி ஜான் பெர்ஷிங்கின் முயற்சியில் 1922-இல் தொடங்கிய ரிசர்வ் அதிகாரிகள் சங்கம். 1950-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே அதற்குச் சாசனம் வழங்கியது. இப்போது 'ரிசர்வ் ஆர்கனைசேஷன் ஆஃப் அமெரிக்கா' என்று பெயரை மாற்றிக்கொண்டு எல்லா ரேங்க் வீரர்களையும் சேர்த்துக்கொள்கிறது. இதன் தலைமையகம் இருந்த இடம் கான்ஸ்டிடியூஷன் அவென்யூவில், நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்.

பக்கத்தில் இருந்தால் காரியம் சீக்கிரம் நடக்கும் என்று சொல்ல முடியாது. யாரும் பெரிதாக எதிர்க்காத கோரிக்கைகள்கூட வருஷக்கணக்கில் இழுத்திருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் திரும்பத் திரும்ப அதே சில தவறுகள்தான் கண்ணில் படுகின்றன.

"அநியாயம்" என்று மட்டும் சொல்வது

முதல் தவறு இதுதான். "எங்களை இரண்டாந்தரமாக நடத்துகிறார்கள்" என்று சொன்னால் எதிரே இருப்பவர் அனுதாபமாகத் தலையாட்டுவார். அவரால் வேறு எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் திருத்துவதற்குக் கையில் ஒரு வரியும் கொடுக்கவில்லை.

அமெரிக்க ராணுவச் சட்டத்தில் 12304பி என்ற பிரிவை எடுத்துக்கொள்வோம். முன்கூட்டியே திட்டமிட்ட பணிகளுக்கு ரிசர்வ் படையினரை 365 நாள் வரை அழைத்துக்கொள்ளலாம் என்று 2012 நிதியாண்டுக்கான பாதுகாப்புச் சட்டத்தில் இது சேர்க்கப்பட்டது. கொசோவோவுக்கும் சினாய்க்கும் ஆட்கள் இந்தப் பிரிவின் கீழ் போனார்கள். ஒரே முகாம், ஒரே சாப்பாடு, ஒரே காவல் வேலை. ஆனால் 2017-இல் திருத்தம் வரும்வரை, உத்தரவுத் தாளில் 12304பி என்று இருந்தால் சில சலுகைகள் கிடைக்கவில்லை. அந்த நாட்கள் கல்லூரிப் படிப்புக்கான ஜி.ஐ. பில் உதவியில் சேரவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவருக்கு வேறு பிரிவு எண் போட்டிருந்தால் சேர்ந்தது. ஓய்வூதிய வயதைக் குறைக்கும் கணக்கிலும், கிளம்புவதற்கு முன்னும் திரும்பி வந்த பின்னும் குடும்பத்துக்குக் கிடைக்கும் ராணுவ மருத்துவக் காப்பீட்டிலும் இதே கதை.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. புதுப் பிரிவைச் சேர்த்தவர்கள், மற்ற சட்டங்களில் இருக்கும் பட்டியல்களில் அந்த எண்ணையும் சேர்க்க விட்டுவிட்டார்கள். ஆகவே சங்கம் கேட்க வேண்டியிருந்தது நீதி, சமத்துவம் எல்லாம் அல்ல, "இந்தச் சட்டத்தின் இந்த வரியில் இந்த எண்ணைச் சேருங்கள்" என்பதுதான். உத்தரவுத் தாளின் நகலை மேசைமேல் வைத்து எண்ணை விரலால் காட்டினால், ஒரு மணி நேரப் பேச்சில் புரியாதது இரண்டு நிமிஷத்தில் புரிந்துவிடும்.

தப்பான கதவு

இந்த எண்ணைச் சேர்க்க இரண்டு வாசல் ஏற வேண்டியிருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. மருத்துவமும் ஓய்வூதியமும் ஆயுதப்படைக் குழுக்களின் கையில் இருக்கின்றன. ஜி.ஐ. பில் முன்னாள் வீரர் விவகாரக் குழுக்களின் கையில் இருக்கிறது. கீழவை, மேலவை இரண்டிலும் தனித்தனிக் குழுக்கள். கல்வி உதவி 2017 ஆகஸ்டில் ஒரு சட்டத்தில் சரியானது. மற்றவை அந்த டிசம்பரில் கையெழுத்தான வேறொரு சட்டத்தில் சரியாயின. ஒரே மனுவை நான்கு பிரதி எடுத்து எல்லா இடத்திலும் கொடுத்திருந்தால், "இது எங்கள் வேலை இல்லையே" என்ற பதில்தான் மிஞ்சியிருக்கும். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுத்துப் பழகியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நேரமும் ஒரு கதவுதான். ஆயுதப்படைகளுக்கான சட்டம் ஆண்டுதோறும் வருகிறது, அறுபது வருஷத்துக்கு மேலாக ஒரு வருஷமும் தவறியதில்லை. அதனால் ரிசர்வ் சங்கங்கள் தங்கள் கோரிக்கையைத் தனி மசோதாவாக ஓட்டிப் பார்ப்பதைவிட இந்த வண்டியில் ஏற்றிவிடவே பார்க்கும். வண்டி டிசம்பர் வாக்கில் ஊர் போய்ச் சேருகிறது என்பதற்காக அக்டோபரில் மூட்டையோடு வந்து நின்றால் இடம் இருக்காது. வாசகங்களைத் துணைக்குழுக்கள் பல மாதம் முன்பே எழுதி முடித்திருக்கும்.

செலவை யோசிக்காமல் போவது

என் கணக்கில் மிகப் பெரிய தவறு இதுதான். எல்லோரும் "வீரர்களுக்கு ஆதரவு" என்றுதான் சொல்வார்கள். பிறகு காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் பத்து வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று ஒரு தொகையைப் போடும். அதை ஈடுகட்ட வேறெங்கே வெட்டுவது என்ற கேள்வி வந்ததும் அறை அமைதியாகிவிடும்.

மத்திய அரசு ஊழியராகவும் இருக்கும் ரிசர்வ் வீரர்களின் கதை இதற்குச் சரியான சாட்சி. மற்ற ரிசர்வ் வீரர்கள் டிரைகேர் ரிசர்வ் செலக்ட் என்ற காப்பீட்டில் சேரலாம். இவர்களுக்கு அலுவலகக் காப்பீடு இருக்கிறது என்று சொல்லி ஒதுக்கிவைத்திருந்தார்கள். 2019 டிசம்பரில் அந்தத் தடை நீக்கப்பட்டது, ஆனால் 2030 ஜனவரி 1 முதல் என்று தேதி போட்டார்கள். அப்போதைய பத்து வருஷக் கணக்கு 2020 முதல் 2029 வரை. செலவு கணக்குக் கோட்டுக்கு ஒரு காலடி வெளியே போய் நிற்கிறது. இதை வெற்றி என்பதா, வாய்தா என்பதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

செலவே இல்லாமல் கேட்டால் என்ன கிடைக்கும்? அதற்கும் உதாரணம் உண்டு. ரிசர்விலோ, மாநிலங்களின் பகுதிநேரப் படையான தேசியக் காவல் படையிலோ இருபது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்கூட, பயிற்சியைத் தாண்டி முழுநேரப் பணிக்கு அழைக்கப்படவில்லை என்றால் சட்டப்படி 'முன்னாள் வீரர்' கிடையாது. இதை மாற்ற, தேசியக் காவல் படையில் 24 வருஷம் இருந்த, அப்போதைய மினசோட்டா கீழவை உறுப்பினர் டிம் வால்ஸ் மசோதாவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 2016 டிசம்பரில் அது சட்டமானது. "முன்னாள் வீரராகக் கௌரவிக்கப்படுவார்" என்று எழுதிவிட்டு, இதனால் எந்தச் சலுகைக்கும் உரிமை இல்லை என்றும் கையோடு எழுதிவைத்தார்கள். பெயருக்காகவே கேட்டவர்களுக்கு அது போதும். இதைப் படிக்கல்லாக வைத்துச் சலுகைகளைப் பிடிக்கலாம் என்று தன் சங்கத்து ஆட்களிடம் வாக்குக் கொடுத்த சங்கம் இருந்தால், அது அந்தக் கடைசி வரியைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

எம்.எல்.ஏ.வை மதிக்காதது

அங்கே எம்.எல்.ஏ. என்றால் சட்டமன்ற உறுப்பினர் அல்ல. ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்திலும் ராணுவ விவகாரங்களைப் பார்க்கும் உதவியாளருக்கு அந்தச் சுருக்கப் பெயர். பெரும்பாலும் இருபதுகளில் இருப்பவர், பட்டாளத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் இவரைப் பார்த்ததும், "தம்பி, உறுப்பினர் எங்கே?" என்று கேட்டால் அத்தோடு முடிந்தது. உறுப்பினரின் மேசைக்குப் போகும் குறிப்பை எழுதுவது அந்தத் தம்பிதான். அவரிடம் ஒரே ஒரு பக்கம் கொடுத்தால் போதும். பிரச்சினை, சட்டப் பிரிவு, கேட்கும் வாசகம், அந்தத் தொகுதியில் பாதிக்கப்பட்ட ஒருவரின் கதை இவ்வளவும் அதில் அடங்கிவிடும்.

அச்சடித்த கடிதங்களைக் கட்டுக்கட்டாக அனுப்புவதிலும் பயன் குறைவு. 2001-இல் ஆந்த்ராக்ஸ் பொடி கடிதத்தில் வந்ததிலிருந்து, காங்கிரஸுக்குப் போகும் தபால் வேறு இடத்தில் சோதனையாகித்தான் உள்ளே வருகிறது. அவசரக் கடிதம் வந்து சேரும்போது அவசரம் முடிந்திருக்கும்.

சீருடையில் போவது

பணியில் இருக்கும் ரிசர்வ் வீரருக்குத் தன் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுத உரிமை உண்டு, அதை மேலதிகாரி தடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அந்த உரிமை தனிமனிதருக்கானது. பயிற்சிக்குச் சம்பளம் வாங்கும் நாளில், சீருடையில், அரசு ஈமெயிலில் சங்கத்தின் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு போனால் சிக்கல்தான். அரசுப் பணத்தில் லாபி செய்யக் கூடாது என்று தனிச் சட்டம் இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களை முன்னால் நிறுத்துவதும், மற்றவர்கள் லீவு போட்டுக் கோட் போட்டுக்கொண்டு வருவதும் இதனால்தான்.

சட்டம் வந்ததும் வீட்டுக்குப் போய்விடுவது

ரிசர்வ் வீரருக்கு ஓய்வூதியம் 60 வயதில். முழுநேரப் பணிக்குப் போன ஒவ்வொரு 90 நாளுக்கும் அந்த வயது மூன்று மாதம் குறையும் என்று 2008 ஜனவரி 28-இல் சட்டம் வந்தது. பாராட்டுக் கூட்டம் நடத்தத் தகுந்த விஷயம்தான். ஆனால் இராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அதற்கு முன்பே போய்வந்தவர்களின் நாட்கள் கணக்கில் இல்லை. இன்னொரு முள்ளும் உள்ளே இருந்தது: 90 நாளும் ஒரே நிதியாண்டுக்குள் விழ வேண்டும். அங்கே நிதியாண்டு அக்டோபர் 1-இல் பிறக்கிறது.

ஆகஸ்ட் 15 முதல் நவம்பர் 12 வரை பணியில் இருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். மொத்தம் 90 நாள். முதல் நிதியாண்டில் 47, அடுத்ததில் 43. வேறு பணி இல்லாவிட்டால் அவருக்குக் குறையும் வயது பூஜ்யம். அடுத்தடுத்த இரண்டு நிதியாண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடலாம் என்ற திருத்தம், 2014 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தில்தான் வந்தது. அதுவும் 2014 செப்டம்பர் 30-க்குப் பிறகு வரும் நிதியாண்டுகளுக்கு மட்டும். 2010-இலோ 2011-இலோ அப்படிப் போய்வந்தவரின் 47-ம் 43-ம் இன்றுவரை தனித்தனியாகத்தான் கிடக்கின்றன.