ஈரத்திலும் கரடுமுரடான இடத்திலும் கைவிடாத சிறு உறைக்கத்தி: தேர்ந்தெடுப்பது எப்படி?

கத்தி வாங்கப் போகிறவர்கள் முதலில் அலகைத்தான் பார்க்கிறார்கள். படகு, ஆறு, மழைக்காடு, சதுப்பு என்று ஈரத்தில் உழைக்கப்போகும் கத்திக்கு இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் உறை, அடுத்துப் பிடி, அப்புறம்தான் எஃகு. உலகின் மிகச் சிறந்த எஃகும் தண்ணீருக்குள் நழுவி விழுந்த பிறகு உதவாது. உறையிலிருந்து பாதி வெளியே வந்து விலாவை நோக்கி நிற்கும் கத்தியோ ஆபத்தே.

இந்த வேலைக்கு மடக்குக் கத்தி வேண்டாம். அதன் அச்சிலும் பூட்டிலும் மணலும் உப்பும் புகுந்து இறுகிவிடும். விறைத்துப்போன ஈர விரல்களால் திறப்பது கடினம். பூட்டுக்குள் அழுக்கு சேர்ந்தால் அது முழுதாக விழாமல், அழுத்தும்போது அலகு விரல்மேல் மடங்கக்கூடும். நிலையான அலகு கொண்ட உறைக்கத்தியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஒரே கையால் உருவலாம், ஒரே கையால் சொருகலாம்.

அளவு: அலகு 7 முதல் 10 செ.மீ., தடிமன் 2.5 முதல் 3 மி.மீ., உறையோடு எடை 150 கிராமுக்குள். கயிறு அறுக்க, மீன் சுத்தம் செய்ய, குச்சி சீவ, உணவு நறுக்க இது போதும். 4 மி.மீ. தடிமனுக்கு மேல் போனால் சிறிய கத்தி வெட்டுவதை விட்டுப் பிளக்கத் தொடங்கிவிடும். அலகைக் குறுக்கலாம், ஆனால் பிடியைக் குறுக்கக் கூடாது. நான்கு விரலும் அடங்க ஏறத்தாழ 10 செ.மீ. நீளப் பிடி வேண்டும். கழுத்தில் மாட்டும் மெல்லிய கத்திகள் பலவற்றில் பிடி வெறும் எஃகுத் தகடாகவே இருக்கும். காய்ந்த கையில் பரவாயில்லை, ஈரக் கையில் சுழன்றுவிடும்.

உறை

தோல் உறை அழகானது, ஆனால் ஈரத்துக்கு ஒவ்வாதது. தண்ணீரை உறிஞ்சி நாள்கணக்கில் வைத்திருக்கும், உப்பைச் சேர்த்துவைக்கும், நனைந்து தளர்ந்ததும் கத்தியைப் பிடிக்கும் வலுவை இழக்கும். கைடெக்ஸ் எனப்படும் கெட்டி பிளாஸ்டிக் தகடும், அச்சில் வார்த்த பாலிபுரோப்பிலீனும்தான் இங்கே சரியான பொருள்கள். கைடெக்ஸ் உறை கத்தியின் வடிவத்தையொட்டி அழுத்தப்படுவதால் பிடிக்கும் அலகுக்கும் இடையிலுள்ள விரல்காப்பில் ‘டக்’ என்று கவ்வும். அதன் குறை, இடையில் மாட்டிய மணல் ஒவ்வொரு முறையும் அலகைக் கீறும் என்பது. வெயிலில் நிற்கும் காரின் முகப்புத் தட்டில் வைத்தால் உறை நெளிந்து பிடிப்பு தளரவும் கூடும்.

உறையின் அடியில் வடிகால் துளை கட்டாயம் வேண்டும். சும்மா ஒரு துளை இருந்தால் போதாது, உறையின் மிகத் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும். உறைக்குள் தண்ணீர் ஊற்றி, அணிந்துகொள்ளும் நிலையிலேயே பிடித்துப் பாருங்கள். கடைசிச் சொட்டு வரை வடிய வேண்டும்.

பிடிப்பைச் சோதிக்கும் முறை இது:

1. கத்தியைச் சொருகி, தலைகீழாகப் பிடித்து, கீழே கனமான துணி விரித்து, பத்துப் பதினைந்து முறை பலமாக உதறுங்கள். துளியும் நகரக் கூடாது.
2. உறையையும் கத்தியையும் தண்ணீரில் முக்கியெடுத்து மறுபடி உதறுங்கள். காய்ந்திருக்கும்போது உரசலை மட்டும் நம்பிக் கவ்வும் உறைகள் நனைந்ததும் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும்.
3. பிடியின் முனையில் ஒரு கயிற்றைச் சுற்றி, புதரில் மாட்டியதுபோல் பக்கவாட்டில் இழுங்கள். நேராக இழுத்தால் கவ்வும் சில உறைகள் சாய்த்து இழுத்தால் திறந்துகொள்ளும்.
4. கையுறை அணிந்து, வலக்கையால் ஒருமுறை, இடக்கையால் ஒருமுறை உருவிப் பாருங்கள். கட்டைவிரலால் உறையின் விளிம்பைத் தள்ளிக்கொண்டே உருவ முடிய வேண்டும். முழுக் கையையும் வெடுக்கென்று இழுத்தால்தான் வரும் என்றால் அந்த உறை அளவுக்கு மீறி இறுக்கம். அப்படி விசையோடு வெளியே வரும் கத்தி எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

திருகால் இறுக்கம் கூட்டிக் குறைக்கும் உறை நல்லது. ஆனால் அதிர்வில் திருகு கழலும். கழற்றக்கூடிய வகைத் திருகுப் பசை ஒரு சொட்டு இட்டுவிடுங்கள். பட்டையும் அழுத்துப் பொத்தானும் கொண்ட கூடுதல் பூட்டு இருந்தால், பொத்தான் எந்த உலோகம் என்று பாருங்கள். உப்புநீரில் முதலில் துருப்பிடித்து இறுகுவது பெரும்பாலும் அந்தச் சின்னப் பொத்தான்தான்.

இடுப்பில் மாட்டும் கொக்கியையும் விட்டுவிடக் கூடாது. கத்தி தொலைவதில் பாதிப் பழி உறையின் வாய்க்கு, மறுபாதி இந்தக் கொக்கிக்கு. முதுகுப் பையைக் கழற்றும்போது பையின் இடுப்புப் பட்டை மேல்நோக்கி உரசி, வெறுமனே செருகிய கொக்கியைக் கழற்றி எறிந்துவிடும். பட்டையை முழுதாகச் சுற்றி மூடும் பிடிப்போ, திருகால் இறுக்கும் வளையமோ தேர்ந்தெடுங்கள். பட்டையின் அகலத்தைவிட வளையம் அகலமாக இருந்தால் உறை சுழன்றுகொண்டே இருக்கும்.

உயிர்காப்பு அங்கியில் மாட்டுவதானால் இரு கையும் எட்டும் மார்புப் பகுதியே சரி. கீழே இடுப்பில் வைத்தால் துடுப்புப் படகில் உட்காரும்போது இருக்கை அடித்து உறையைத் தளர்த்தும்.

பிடி

கையில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு பிடித்துப் பார்ப்பதைவிட நேர்மையான சோதனை வேறில்லை. விரல் முன்னே வழுக்கி அலகில் ஏறாதபடி தெளிவான விரல்காப்பு இருக்க வேண்டும். குத்தும் வேலையில் காயங்கள் வருவது பெரும்பாலும் அங்கேதான். மென்ரப்பர் பூசிய பிடி ஈரத்தில் நன்றாகப் பற்றும், ஆனால் எண்ணெயும் பூச்சிவிரட்டித் திரவமும் பட்டால் சில வகைகள் பிசுபிசுத்துப்போகும். துணி அடுக்குகளைப் பிசினில் அழுத்திச் செய்த மைகார்ட்டாவை மெருகேற்றாமல் விட்டிருந்தால் ஈரத்தில் பிடிப்பு கூடவே செய்யும். கண்ணாடியிழை அடுக்குகளைப் பிசினில் அழுத்திச் செய்த ஜி-10 தண்ணீரை ஏற்காது, சொரசொரப்பாக இருந்தால் சிறந்தது. மரமும் கொம்பும் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். இடைவெளியில் நீர் புகும்.

நிறம் ஆரஞ்சு அல்லது மஞ்சள். கறுப்பும் பச்சையும் சேற்றில் விழுந்தால் கண்ணில் படாது.

எஃகு

துருப்பிடிக்காத எஃகைக் காப்பது குரோமியம். அது ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். பிடிக்கு அடியில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் குறைவதால் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள முடியாது. அலகு பளபளக்க, பிடிக்குள் மறைந்த பகுதி அரித்துக்கொண்டிருக்கும். அதனால் பிடி அலகின் வால்பகுதியோடு சேர்த்து இடைவெளியில்லாமல் வார்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் திருகுகளைக் கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும்.

குரோமிய விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டி2 எஃகில் ஏறத்தாழ 12% குரோமியம் உண்டு. ஆனால் கார்பனும் 1.5% இருப்பதால் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடு என்னும் கெட்டித் துகள்களாகக் கட்டுண்டு, காக்க மிஞ்சுவது குறைவு. 2021-இல் வந்த மேக்னாகட் எஃகில் குரோமியம் 10.7%தான், ஆனாலும் கார்பைடில் சிக்காமல் இருப்பதால் துருவை மிக நன்றாகத் தாங்கும்.

நன்னீருக்கும் மழைக்கும் 12சி27 அல்லது 14சி28என் என்ற துருப்பிடிக்காத எஃகு வகைகள் போதும். விலை அடக்கம், சாணை பிடிப்பது எளிது, ராக்வெல் என்னும் கடினத்தன்மை அளவுகோலில் 57 முதல் 59 வரை நன்றாக நிற்கும். தினமும் கடல்நீர் என்றால் கார்பன் மிகக் குறைந்த எச்-1, கார்பனின் பெரும்பங்குக்குப் பதில் நைட்ரஜனை நம்பும் எல்சி200என் ஆகிய எஃகு வகைகளுக்குப் போங்கள். எச்-1 கூர் சீக்கிரம் மழுங்கும், எனவே பல் வைத்த அலகாக வாங்குவது நல்லது. 1095 போன்ற கார்பன் எஃகு அருமையாகக் கூர் ஏறும். தினமும் துடைத்து எண்ணெய் பூசும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும்.

மணல் வீசி மங்கலாக்கிய மேற்பரப்பு நுண்குழிகளில் நீரைப் பிடித்துவைக்கும். மெருகேற்றிய அலகே மெதுவாகத் துருப்பிடிக்கும். கறுப்புப் பூச்சு இருந்தாலும் கூர்விளிம்பில் அது கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

முனை விஷயத்தில் படகுக்கும் காட்டுக்கும் வேறுபாடு உண்டு. ஆடும் படகிலும், காற்றடைத்த மிதவையிலும், மனிதர்மேல் சிக்கிய கயிற்றை அறுக்கும்போதும் மொட்டை முனையே பாதுகாப்பு. காட்டு வேலைக்கு, முதுகுப்பக்கம் சற்று இறங்கி வந்து முடியும் கூர்முனை. செயற்கை நூல் கயிறுகளை அடிக்கடி அறுப்பவர்கள் அடிப்பகுதியில் 2-3 செ.மீ. பல் இருக்கும் அலகை எடுக்கலாம்.

மணிக்கட்டு வளையக் கயிற்றை ஓடும் நீரில் பயன்படுத்தாதீர்கள். கத்தி கையை விட்டு நழுவினாலும் உருவிய அலகு உங்களோடேயே சுழலும். கழுத்தில் தொங்கவிடுவதானால் இழுத்தால் அறுந்துவிடும் இணைப்பு கட்டாயம்.

வாங்கிய பிறகு

கடல்நீர் பட்ட அன்றே நன்னீரில் கழுவுங்கள், உறையின் உட்புறத்தையும் சேர்த்து. கத்தியையும் உறையையும் தனித்தனியாகக் காயவைத்து, உணவுக்கு ஏற்ற கனிம எண்ணெய் ஒரு சொட்டைத் துணியால் தடவுங்கள். ஈர உறைக்குள் சொருகி மாதக்கணக்கில் வைத்தால் பெரும்பாலான எஃகு தப்பாது. சாணை பிடிக்கும்போது பக்கத்துக்கு 20 டிகிரி கோணத்தில், சொரசொரப்பு எண் 600 முதல் 1000 வரையிலான சாணைக்கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கயிற்றுக்கு லேசான சொரசொரப்பு மிச்சமிருக்கும் கூர்தான் நன்றாக வேலை செய்யும்.

உதறல் சோதனையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். உறையின் வாயில் வெண்கோடுகளோ நுண்விரிசலோ தெரிந்தாலும், முன்பு கேட்ட ‘டக்’ ஒலி மங்கினாலும், கத்தி நன்றாக இருக்கும்போதே உறையை மாற்றிவிடுங்கள்.