ஃப்ளூ சீசனுக்கு உடம்பைத் தயார்ப்படுத்துவது எப்படி?

ஃப்ளூ சீசன் தொடங்கியதுமே "ஒரே வாரத்தில் எதிர்ப்பு சக்தி கூடும்" என்று பொடியும் மாத்திரையுமாக விளம்பரங்கள் வரிசை கட்டும். தயவுசெய்து அதில் பணத்தைக் கொட்டாதீர்கள். எதிர்ப்பு சக்தி கலக்கிக் குடித்து ஏற்றிக்கொள்ளும் சமாசாரம் இல்லை. எலும்பு மஜ்ஜையில் வெள்ளணுக்கள் அன்றாடம் உருவாகிக்கொண்டேதான் இருக்கின்றன. அவை ஒழுங்காக வேலை செய்ய வழிவிட்டாலே போதும்.

படி 1: தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 164 பேருக்குச் சளி வைரஸை மூக்கில் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு அதிகமாக இருந்தது.

"இன்றைக்குச் சீக்கிரம் படுக்கிறேன்" என்று தொடங்கினால் பெரும்பாலும் புரண்டுகொண்டுதான் கிடப்பீர்கள். அதனால் எழுந்திருக்கும் நேரத்தை முதலில் முடிவுசெய்யுங்கள். விடுமுறை நாளிலும் அதே நேரம். பிறகு படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னால் நகர்த்துங்கள், 7 மணி நேரமாவது கிடைக்கும்வரை. மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்துப் பல மணி நேரம் ஆனாலும் காஃபீன் உடம்பில் தங்கியிருக்கும். போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

படி 2: தட்டைக் கவனியுங்கள்

வைரஸைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடிகள் புரதத்தால் ஆனவை. அதனால் பருப்பு, முட்டை, மீன், பால் என்று ஏதோ ஒரு புரதம் வேளாவேளைக்கு இருக்கட்டும். கூடவே காய்கறி, பழம். வைட்டமின் சி மாத்திரையைத் தினமும் போட்டாலும் பெரும்பாலானவர்களுக்குச் சளி வராமல் இருப்பதில்லை. வந்த சளி கொஞ்சம் சீக்கிரம் குணமாகலாம், அவ்வளவுதான்.

படி 3: நடங்கள், புகையை விடுங்கள்

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போதும். காய்ச்சல் இருந்தால் நடை வேண்டாம், ஓய்வுதான். மூச்சுக்குழாயில் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ளும் நுண்ணிய மயிரிழைகளைப் புகை செயலிழக்கச் செய்கிறது. புகைப்பவர்களுக்குச் சத்து மாத்திரையைவிட நிறுத்துவதுதான் பெரிய பலன்.

படி 4: கிருமி உள்ளே வரும் வழியை அடைத்துவிடுங்கள்

கை கழுவும்போது பெரும்பாலோர் உள்ளங்கைகளை மட்டும் தேய்த்துவிட்டுக் குழாயை மூடிவிடுகிறோம். சோப்பு நுரையோடு கட்டைவிரலை மறு கையால் சுற்றிப் பிடித்துத் திருகுங்கள். விரல் நுனிகளை எதிர் உள்ளங்கையில் சுரண்டுங்கள். புறங்கை, விரலிடுக்கு எல்லாம் சேர்த்து 20 விநாடி ஆக வேண்டும். அறையில் ஆட்கள் கூடியிருந்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

படி 5: தடுப்பூசி

"இயற்கை வழி" என்று சொல்லி இதை ஒதுக்காதீர்கள். தடுப்பூசி உங்கள் சொந்த எதிர்ப்பு சக்திக்கே வைரஸை அடையாளம் காட்டுகிறது. பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும் என்பதால் சீசனுக்கு முன்பே போடுவது நல்லது. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும்.

அதையும் மீறிக் காய்ச்சல் வந்தால்

ஓய்வெடுங்கள், நீராகாரம் நிறையக் குடியுங்கள். ஆன்டிபயாடிக் கேட்டு நிற்காதீர்கள், வைரஸிடம் அது பலிக்காது. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், சிறு குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை நோய் உள்ளவர்கள் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும். இருமலுக்குத் தேன் கொடுப்பதானால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் கூடவே கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, மனக்குழப்பம், விட்ட காய்ச்சல் மறுபடி ஏறுவது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.