கால் இன்ச்சில் ஆரம்பியுங்கள்: குவில்ட் தைக்க, சொல்லிக்கொடுக்க, கண்காட்சி பார்க்க

துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி, மூன்றையும் ஒன்றாகத் தைத்த போர்வைதான் குவில்ட். அதைக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது துணியைப் பற்றித்தான். எந்த நிறம், எந்தப் பூ, எத்தனை மீட்டர் என்று. அதெல்லாம் அப்புறம். முதலில் உங்கள் மெஷினில் கால் இன்ச் ஓரம் விட்டுத் தைக்க வருகிறதா என்று பாருங்கள்.

ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று நீளத் துண்டு வெட்டி, ஒன்றோடு ஒன்று சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். நடுத்துண்டு சரியாக 1 இன்ச், மொத்தம் மூன்றரை இன்ச் வர வேண்டும். முதல் தடவை பெரும்பாலும் வராது, எனக்கும் வரவில்லை. தையலை ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடும்போது அந்த மடிப்பே ஒன்றிரண்டு நூல் அளவைச் சாப்பிட்டுவிடும், அதனால் கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகத் தைத்தால்தான் கணக்குச் சரியாகும். ஊசியை ஒரு புள்ளி நகர்த்துங்கள், இல்லையென்றால் மெஷின் தட்டில் டேப் ஒட்டி அதை ஒட்டியே துணியை விடுங்கள். மறுபடி மூன்று துண்டு, மறுபடி அளவு. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வரிசையில் 32 துண்டுகள் என்றால் 31 தையல், தையலுக்கு 1/16 இன்ச் போனாலும் வரிசை கிட்டத்தட்ட 2 இன்ச் குறைந்துவிடும், பக்கத்து வரிசையோடு எங்கே சேரும்?

வெட்டுவதற்கு உருளும் பிளேடு உள்ள ரோட்டரி கட்டர், அதற்குரிய பாய், கனமான அக்ரிலிக் ஸ்கேல், இந்த மூன்றும் வேண்டும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் இந்தக் கட்டரைக் கொண்டுவருவதற்கு முன்னால் ஒவ்வொரு துண்டையும் வரைந்து கத்தரியால்தான் வெட்டினார்கள். பிளேடு வழுக்கினால் விரல் போகும், கையிலிருந்து கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மூடிவிட்டு வையுங்கள். ஒரே ஒரு தடவை வெட்டிவிட்டு உடனே மறுபடி எடுக்கப்போகிறீர்கள் என்றாலும் மூடுங்கள்.

முதல் குவில்ட்டுக்குச் சதுரங்களே போதும். முக்கோணம் ஆசையாக இருந்தால் இரண்டு நிறத்தில் 5 இன்ச் சதுரம் ஒவ்வொன்று எடுத்து நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கும்படி வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டிலேயே வெட்டினால் இரண்டு சதுரம் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் பாதி ஒரு நிறம், பாதி இன்னொன்று. நாலரை இன்ச்சுக்குச் சீர் செய்துகொள்ளுங்கள், தைத்து முடிந்தபின் 4 இன்ச் நிற்கும். 4 7/8 இன்ச்சில் வெட்டினால் சீர் செய்யவே வேண்டாம் என்பார்கள். எனக்கு அந்தத் துல்லியத்தில் நம்பிக்கை கிடையாது, கொஞ்சம் பெரிதாகத் தைத்து வெட்டிக்கொள்வதுதான் நிம்மதி.

இஸ்திரி என்றால் தேய்ப்பது இல்லை. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் கிராஸாக வெட்டிய ஓரம் நீண்டுவிடும். ஒரு வரிசையின் தையல்களை இடப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையினுடையதை வலப்பக்கம் சாயுங்கள். இரண்டு வரிசையையும் சேர்க்கும்போது மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், விரலால் தடவினாலே மூலை சேர்ந்துவிட்டதா என்று தெரியும்.

பார்டரில்தான் நான் அவமானப்பட்டேன். நீளத்துண்டை ஓரத்தில் வைத்து, போகிற போக்கில் தைத்துக்கொண்டே போய், மிச்சத்தை வெட்டி எறிந்தேன். தரையில் விரித்தால் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி நெளிகிறது. நாலு பக்கமும் பிரித்தேன், இரண்டு ராத்திரி. சரியான வழி இதுதான்: குவில்ட்டின் நடுவில் ஓர் அளவு, இரு ஓரங்களுக்குக் கொஞ்சம் உள்ளே ஒவ்வோர் அளவு, மூன்றின் சராசரிக்கு எதிரெதிர் பார்டர் இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டி, நடுவிலும் முனைகளிலும் குண்டூசி குத்தி, இருக்கிற துணியை அந்த நீளத்துக்குள் அடக்கித் தைக்க வேண்டும்.

அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு பக்கமும் 4 இன்ச் பெரிதாக இருக்கட்டும். தரையில் கவிழ்த்துப் போட்டு, சுருக்கம் இல்லாமல் ஆனால் இழுக்காமல் டேப் ஒட்டி, அதன்மேல் பேட்டிங் என்கிற பஞ்சு விரிப்பு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஒரு கைமுட்டி இடைவெளியில் ஊக்கு குத்துங்கள். முழங்கால் வலிக்கும், அதற்கு வழி சொல்ல எனக்குத் தெரியாது. தையல் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக வேண்டும் என்பது பேட்டிங் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேர்க்கோட்டுக்கு வாக்கிங் ஃபுட், அதாவது மேல்துணியையும் அடித்துணியோடு சேர்த்து நகர்த்தும் மெஷின் பாதம். வளைவு வளைவாக ஓட்ட வேண்டுமென்றால் துணியைத் தள்ளும் பல்லை இறக்கிவிட்டு நீங்களே கையால் நகர்த்த வேண்டும், இது பழகப் பல மாதம் ஆகும்.

ஓரத்தைச் சுற்றி மூடித் தைக்கும் பட்டைதான் பைண்டிங். அதற்கு நீளம் போடும்போது எல்லோரும் ஓரிடத்தில் தவறுகிறார்கள். 60-க்கு 72 இன்ச் குவில்ட் என்றால் சுற்றளவு 264, கையில் வைக்க 10 சேர்த்தால் 274. துணியின் அகலம் 40 இன்ச், ஏழு துண்டு போட்டால் 280, போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டரை இன்ச் பட்டையைச் சாய்வாக இணைக்கும்போது ஒவ்வோர் இணைப்பும் இரண்டரை இன்ச் எடுத்துக்கொள்ளும், ஆறு இணைப்புக்கு 15. மிஞ்சுவது 265-தான். எட்டுத் துண்டு வெட்டுங்கள்.

பின்பக்க மூலையில் ஒரு சின்னத் துணித்துண்டில் உங்கள் பெயரும் வருஷமும் எழுதித் தைத்துவிடுங்கள். பழைய குவில்ட்டுகளில் எத்தனையோ யார் கை என்றே தெரியாமல் கிடக்கின்றன.

சரி, நாலைந்து முடித்த பிறகு யாராவது சொல்லிக்கொடுங்கள் என்று கேட்பார்கள். ஆறு பேருக்குமேல் எடுக்காதீர்கள். பெட்டியையே பிரிக்காத புது மெஷினோடு ஒருவராவது வருவார், பாபினில் நூல் சுற்றவே அரை மணி போகும், அதைக் கணக்கில் வையுங்கள். இஸ்திரிப் பெட்டிகளை எல்லாம் ஒரே ப்ளக் போர்டில் மாட்டினால் ஃபியூஸ் போய்விடும். முதல் மணி நேரம் மூன்று துண்டுச் சோதனைக்குத்தான், முகம் சுளித்தாலும் விடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பாதியில் நிறுத்திய மாதிரித்துண்டு ஒன்று தைத்துக் கொண்டுபோங்கள், வாயால் பத்து தடவை சொல்வதைவிடக் கையில் கொடுத்துத் திருப்பிப் பார்க்கச் சொல்வது சீக்கிரம் ஏறும். தவறு செய்தால் அவர்கள் துணியை வாங்கி நீங்கள் பிரிக்காதீர்கள், எனக்கும் கை துறுதுறுக்கும், இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். இன்னொருவர் விற்கும் பேட்டர்னை ஜெராக்ஸ் போட்டு விநியோகிப்பதும் வேண்டாம், ஆளுக்கு ஒன்று வாங்கட்டும்.

கண்காட்சி பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் போய்வாருங்கள். பெயர்பெற்றவை அமெரிக்காவின் ஹூஸ்டனில் இலையுதிர் காலத்தில் நடப்பதும், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஆகஸ்ட் வாக்கில் நடப்பதும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள படூக்காவில் 1991-இல் திறந்த குவில்ட் அருங்காட்சியகமே இருக்கிறது. ஒவ்வொரு குவில்ட்டையும் முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் நெருங்கி மூலைகளை, பைண்டிங் ஓரம்வரை பஞ்சு நிறைந்திருக்கிறதா என்பதை. கையால் மட்டும் தொடாதீர்கள். வெள்ளைக் கையுறை போட்டவர்கள் நிற்பார்கள், கேட்டால் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். நான் பாதி நேரம் பின்பக்கம்தான் பார்ப்பேன், நூல் எங்கே முடிந்தது, எங்கே முடிச்சை மறைத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

இவ்வளவு நேரம் கால் இன்ச் கால் இன்ச் என்று சொன்ன நானே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த குவில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. கோடு வளையும், சதுரம் சாயும், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. அந்தச் சாய்வு அவர்கள் கண் தேர்ந்தெடுத்தது. என் முதல் குவில்ட்டின் சாய்வு அப்படிப்பட்டதில்லை.

உங்களுடையதையே கண்காட்சிக்கு அனுப்பினால் மேல் ஓரத்தின் பின்னால் 4 இன்ச் உயரத்துக்குத் துணிக்குழாய் தைக்கச் சொல்வார்கள், தொங்கவிடும் கம்பி அதற்குள்தான் போகும். குழாயின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் தொளதொளவென்று விட்டுத் தையுங்கள், இறுக்கித் தைத்தால் கம்பியின் பருமன் முன்பக்கத்தில் புடைத்துத் தெரியும். மடிப்புகளுக்குள் துணிச் சுருள் வைத்து, தலையணை உறைக்குள் போட்டு, அப்புறம் பெட்டியில் வையுங்கள். திரும்பி வந்ததும் பிரித்து, வேறு கோட்டில் மடித்து வையுங்கள்.