காப்பகத்தில் பகலில் உறங்க மறுக்கும் குழந்தையை உறங்கப் பழக்கும் முறை

வீட்டுத் தூளியில் ஒன்றரை மணி நேரம் அசையாமல் உறங்கும் ஏழு மாதக் குழந்தை, காப்பகத்துப் பாயில் கிடத்தியதும் வீறிட்டு அழுவதும், அழுது களைத்து அரை மணி நேரம் மட்டும் கண்ணயர்வதும், மாலையில் அம்மாவின் தோளுக்கு வந்த பிறகு இரவு வரை சிணுங்கிக்கொண்டே இருப்பதும் வேலைக்குச் செல்லும் பெற்றோர் பலருக்குப் பழகிய துன்பம். இதை அடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆடும் துணி, அம்மாவின் குரல், பழகிய மணம், அரையிருட்டு ஆகியவை சேர்ந்து வந்தால்தான் உறக்கம் வரும் என்று பழகிய குழந்தையிடமிருந்து அவை அனைத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடுகிறோம். ஆகவே பழக்கும் வேலையைக் காப்பகத்தில் அல்ல, வீட்டில் தொடங்க வேண்டும்.

இந்தியாவில் மகப்பேறு நலச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்த்தியதால், ஆறு, ஏழு மாதங்களில் காப்பகத்துக்கு வரும் குழந்தைகள் பலர். எட்டாம் மாதத்தை ஒட்டி, அம்மா கண்ணை விட்டு மறைந்தால் அஞ்சி அழும் பருவம் தொடங்கிவிடுகிறது என்பதால், புதிய இடத்துக்குப் பழகும் காலமும் பிரிவுக்கு அஞ்சும் காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்கின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேர உறக்கம் தேவை. இரவில் பத்து, பதினோரு மணி நேரம் போனாலும் பகலில் இரண்டு மணி நேரமேனும் உறங்கியாக வேண்டும்.

தூளியைக் குறை கூறுவது இங்கு நோக்கமன்று. ஆனால் காப்பகத்தார் தூளி கட்ட மறுத்தால் அவர்கள் செய்வதே சரி. தூளிக்குள் உடல் வளைந்து தாடை மார்பில் அழுந்தினால் மூச்சுவழி குறுகக்கூடும். பல குழந்தைகளை ஒருசேரப் பார்க்கும் ஆயாவால் ஒவ்வொரு தூளிக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க இயலாது. எனவே காப்பகத்தில் சேர்ப்பதற்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே, காலையில் வரும் முதல் உறக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மாற்றத்தைத் தொடங்குங்கள். நாளின் உறக்கங்களில் அதுவே எளிதாக வருவது. மற்றவை முதலில் பழையபடியே இருக்கட்டும். சில நாட்களுக்குத் தூளியை ஆட்டி, கண் செருகும் நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி, முதுகிலோ தொடையிலோ மெல்லத் தட்டிக்கொண்டே ஒரே தாலாட்டைப் பாடுங்கள். ஆடாத தூளியில் உறங்கப் பழகிய பின்பு, மடியில் வைத்து அதே பாட்டோடு தட்டிக்கொடுத்து, முழுவதும் உறங்கிவிடும் முன்பே பாயில் கிடத்துங்கள். முதலில் இடுப்பும் கடைசியில் தலையும் பாயைத் தொடும்படி இறக்கினால் திடுக்கிட்டு விழிப்பது குறையும். கிடத்தியவுடன் கையை எடுத்துவிடாமல், மூச்சு சீராகும் வரை மார்பின்மேல் இலேசாக வைத்திருங்கள். தூளியைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக முடியாது. பாட்டையும் தட்டும் தாளத்தையும் கொண்டுபோகலாம் என்பதற்காகவே இவ்வளவும்.

அந்தத் தாலாட்டை ஆயாவுக்குப் பாடிக் காட்டுங்கள். இயன்றால் அவரையே பாடச் சொல்லுங்கள். கைப்பேசியில் பதிந்த அம்மாவின் குரல் சில குழந்தைகளை அமைதிப்படுத்தும், வேறு சிலரை அம்மாவைத் தேடி மேலும் அழவைக்கும் என்பதால் அதை ஓரிரு நாள் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முதல் சில வாரங்களுக்கேனும் ஒரே ஆயாதான் உறங்க வைப்பார் என்று காப்பகத்தாரிடம் கேட்டுப் பெறுவது, வேறு எந்த ஏற்பாட்டையும் விடப் பயன் தரும். நீங்கள் உடுத்திய பருத்தித் துணி ஒன்றை, கிடத்துவதற்கு முன் தூக்கி வைத்திருக்கும்போது ஆயா தம் தோளில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தையின் அருகில் அந்தத் துணியையோ தலையணை, போர்வை, பொம்மை ஆகியவற்றையோ வைக்கவே கூடாது. மல்லாக்கக் கிடத்த வேண்டும். படுக்கை சமதளமாகவும் சற்று உறுதியாகவும் இருக்க வேண்டும்.

நேரத்தைத் தவறவிடுவதும் பெரும்பாலான அழுகைக்குக் காரணம். ஆறு மாதக் குழந்தை ஏறக்குறைய இரண்டு மணி நேரமும், ஒன்பது மாதக் குழந்தை மூன்று மணி நேரமும் விழித்திருந்தால் களைத்துவிடும். குழந்தைக்குக் குழந்தை இது சற்று மாறும். பார்வை ஓரிடத்தில் நிலைத்து நிற்பது, விளையாட்டில் ஆர்வம் குறைவது, காதை இழுப்பது ஆகியவை முதல் அறிகுறிகள். கண்ணைக் கசக்கி அழும்போது நேரம் கடந்துவிட்டது. எல்லாக் குழந்தைகளையும் பன்னிரண்டரை மணிக்கு ஒன்றாகப் படுக்க வைக்கும் காப்பகத்தில், காலை ஆறு மணிக்கே விழித்த குழந்தையிடம் அதற்குள் களைப்பு எல்லை மீறியிருக்கும். ஆகவே காலையில் ஒப்படைக்கும்போது விழித்த நேரத்தையும் கடைசியாகப் பால் குடித்த நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, ஒன்பது மணியளவில் ஓர் உறக்கத்துக்கு இடம் கேளுங்கள்.

ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்று வரலாம் என்றும் அதே 2017ஆம் ஆண்டுத் திருத்தம் வகை செய்தது. அவ்வாறு செல்ல முடிந்தவர்கள், குழந்தை உறங்கி எழுந்த பிறகு வருமாறு நேரத்தை அமைத்துக்கொள்வது நல்லது. உறக்கம் வரும் வேளையில் முலைப்பால் கொடுத்துவிட்டு உடனே பிரிந்தால், அடங்கிய அழுகை மீண்டும் தொடங்கி உறக்கம் கெடும்.

அறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: சன்னலுக்கு அடர்ந்த திரை, நேராக முகத்தில் படாத மின்விசிறிக் காற்று, வெயில் காலத்தில் மெல்லிய ஒற்றை ஆடை ஆகியவை போதும்.

முப்பது, நாற்பது நிமிடங்களில் விழித்துவிடும் குழந்தையை உடனே தூக்காமல், மார்பில் கை வைத்து ஐந்து நிமிடம் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் உறக்கச் சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியாகவே அது பெரும்பாலும் இருக்கும். மீண்டும் உறங்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம். பகலில் குறைந்ததை அன்று இரவே ஈடு செய்யுங்கள்: அப்பா வரட்டும் என்று பத்து மணி வரை விழிக்க வைக்காமல், ஏழு, ஏழரை மணிக்கே படுக்க வைப்பது அந்த நாளையும் மறுநாளையும் காக்கும்.

உறங்க வைப்பதற்காகச் சளி மருந்தையோ ஒவ்வாமை மருந்தையோ ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது. அவை கைக்குழந்தையின் மூச்சைப் பாதிக்கக்கூடியவை. இதைக் காப்பகத்தாரிடமும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மூன்று, நான்கு வாரங்கள் கடந்தும் வீட்டிலும் காப்பகத்திலும் உறக்கம் சரியாகாமல் இருந்தாலும், குறட்டை, வாயால் மூச்சுவிடுதல், படுக்க வைத்தால் மட்டும் அழுதல், எடை ஏறாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், தொண்டைச் சதை வளர்ச்சி, இரும்புச் சத்துக் குறைவு ஆகியவை உறக்கத்தைக் கெடுக்கும். அவற்றுக்கு மருத்துவம் பார்த்த பிறகே மேற்கண்ட பழக்கங்கள் பலன் தரும்.